வெறும் தண்ணீர்

மூலதனம் என்றால் மனிதன் கையால் செய்தது. நிலம், மழை, கடல் எல்லாம் இயற்கை சும்மா கொடுத்தது, அது தனிப் பெட்டி. ஸ்ஃபாக்ஸ் நகரத்துக் கல்லூரியில் பத்தொன்பது வருடம் இதைத்தான் கரும்பலகையில் எழுதினேன். பிள்ளைகளும் பரீட்சையில் அப்படியே கக்கி வைத்துவிட்டுப் போனார்கள். யாருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை. அதையே ஒரு படிவத்தில் எழுதினேன், என் சொந்த அண்ணன் வாயில் மண்ணைப் போட்டேன்.

கெர்கென்னா தீவில் எங்களுக்குக் கடலில் பத்திரம் உண்டு. வயலைப் போல, இந்தத் துண்டு இன்னாருடையது என்று பாட்டன் காலத்துக் காகிதம் சொல்லும். அப்பா விட்டுப்போன துண்டில் அண்ணன் ஃபர்ஜானி பேரீச்ச மட்டைகளைக் கடலடியில் வரிசையாக நட்டு வேலி கட்டுவான். தண்ணீர் வற்றும்போது மீன்கள் வேலியோடு ஒட்டிப் போய்க் கூடைக்குள் விழும். செப்டம்பர் கடைசியில் நடுவது, ஜூனில் ஒரு மட்டை விடாமல் பிடுங்கிக் கரையேற்றுவது. கோடை முழுக்கக் கடலைச் சும்மா விட்டுவிட வேண்டும். மீன் முட்டையிடட்டும், கடலடிப் புல் தழைக்கட்டும். இது தீவில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும்.

துறைமுகத்தை அகலப்படுத்த வந்த கம்பெனிக்கு, நஷ்டஈடு கொடுப்பதற்காக, தோண்டப்போகும் வழியில் யார் யாருக்கு என்ன மூலதனம் இருக்கிறது என்று ஒரு பட்டியல் வேண்டியிருந்தது. தீவுக்காரி, பொருளாதாரம் படித்தவள் என்று என்னைப் பிடித்தார்கள். என்னைப் படகில் ஏற்றியது ஜூலை மாதம்.

மொத்தம் முப்பத்தோரு துண்டு. ஏழு துண்டுகளில் மட்டைகள் நின்றன. வழக்கத்தை மதிக்காத திருட்டுப் பயல்களுடையவை. மற்ற இருபத்து நான்கிலும் வெறும் தண்ணீர். படிவத்தில் 'பார்வையிட்ட நாளில் காணப்பட்ட மூலதனம்' என்று ஒரு கட்டம் இருந்தது. கூட வந்த என்ஜினியர், "ஒண்ணுமில்லைன்னு போட்டுடலாமா மேடம்?" என்றார். எனக்குத் தெரியும். ஏன் ஒன்றுமில்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும். வாயைத் திறந்தால் அண்ணனுக்காகப் பேசுகிறாள் என்று சொல்வார்களே என்று நினைத்தேன். 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்று மாலை ஃபெர்ரியிலேயே திரும்பினேன், வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை.

நவம்பரில் பட்டியல் நகராட்சிச் சுவரில் ஒட்டப்பட்டது. எழுதியவர் பெயர் அதில் இல்லை. ஆட்சேபம் சொல்ல மறுநாள் மதியம்தான் கடைசி என்ற நிலையில் அண்ணன் போன் செய்தான். "முதல் ஃபெர்ரியில வா. ஒரு மனு எழுதணும். நம்ம வீட்ல படிச்சது நீ ஒருத்திதான்."

போனேன். முற்றத்துக் கொடியில் கணவாய்கள் காய்ந்துகொண்டிருந்தன. அண்ணி மப்ரூக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"அந்த ஹம்தா பேரு வந்திருக்கு ராதியா! கோடையிலகூட மட்டையப் பிடுங்காத திருடன். அவனுக்குச் சொத்து இருக்காம், நமக்கு ஒண்ணுமே இல்லையாம். எங்க போய் முட்டிக்கிறது சொல்லு?"

"எந்தக் கபோதி வந்து பார்த்துட்டுப் போனானோ!" என்றான் அண்ணன். "அறுவடை முடிஞ்சப்புறம் வந்து, கோதுமையக் காணோம், அதனால வயலே கிடையாதுன்னு எழுதுவானா? எழுதும்மா. 'கண்ணு தெரியாத அதிகாரி அவர்களுக்கு'ன்னு ஆரம்பி."

அண்ணி வாய்விட்டுச் சிரித்தாள். நான் தேதியைப் போட்டேன். ஊர்ப் பெயரை எழுதினேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை.

"ஏண்டி, என்ன முழிக்கிற?" என்றான் அண்ணன்.

"அண்ணே, அந்தக் கபோதி நான்தான்."

விளையாடுகிறேன் என்று நினைத்து அண்ணி இன்னும் பலமாகச் சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை.

"ஜூலைல வந்தியா?"

"வந்தேன்."

"தீவுக்கு வந்துட்டு வீட்டுக்கு வராமப் போனியா?"

அதைத்தான் முதலில் கேட்டான்.

"கோடையில எதுவும் நிக்காதுன்னு உனக்குத் தெரியாது?"

"தெரியும்."

"தெரிஞ்சும் எழுதின?"

"அண்ணனுக்காகச் சேர்த்து எழுதிட்டாள்னு யாரும் சொல்லிடக்கூடாதுன்னு..."

"ஓஹோ! நீ யோக்கியமா இருக்க நான் தெருவுல நிக்கணுமா?"

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். பாழாய்ப்போன பழக்கம் விடவில்லை. "கடல் மூலதனத்துல வராதுண்ணே. அது இயற்கை கொடுத்தது. மனுஷன் உழைப்பு சேர்ந்தாத்தான்..."

"உழைப்பா?" அண்ணன் எழுந்தே விட்டான். "மட்டை நடறது என்னடி, பத்து நாள் வேலை. கண்ணு முன்னாடி மீன் துள்ளும். வீட்ல மாவு இருக்காது. அப்பவும் கையக் கட்டிக்கிட்டுக் கோடை பூராக் கரையில உக்காந்திருக்கேன் பாரு, அதுதான் வேலை. நான் உக்காந்தேன், அப்பா உக்காந்தாரு. அதனாலதான் அங்க மீன் இருக்கு. இதுக்கு உன் புஸ்தகத்துல என்ன பேரு?"

ஒரு பேரும் இல்லை. பத்தொன்பது வருடத்தில் ஒரு மாணவன்கூட இதைக் கேட்டதில்லை, எனக்கும் தோன்றியதில்லை.

தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். அளந்தது நான். கடலுக்கு ஓய்வு விடும் மாதத்தில் அளந்தேன், அது ஓய்வு மாதம் என்று தெரிந்தே அளந்தேன். இந்த இருபத்து நான்கு குடும்பங்களும் விட்டுவைத்ததுதான் அந்தக் கடலில் இருக்கும் மூலதனம். என் பட்டியலைத் தள்ளுபடி செய்யுங்கள். கீழே பெயரும் பதவியும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"இதால உன் வேலைக்கு ஆபத்து வராதா?" என்று அண்ணி மெல்லக் கேட்டாள். அண்ணன் கேட்கவில்லை. நகராட்சிக்கு எனக்கு முன்னால் நடந்தான், வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. பன்னிரண்டு அடிப்பதற்குள் மனுவில் முத்திரை விழுந்தது.

கம்பெனி அதன்பின் என்னைக் கூப்பிடவே இல்லை. கல்லூரியில் விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். ஜனவரியில் வேறொருவர் வந்து பார்த்து, முப்பத்தோரு துண்டையும் சேர்த்துப் புதுப் பட்டியல் போட்டார். தோண்டும் வேலை தொடங்க இன்னும் இரண்டு வருடம் ஆகும், அதற்குள் மறுபடியும் அளப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் பேச ஆரம்பித்தான். காய்ந்த கணவாய் ஒரு பொட்டலம் அனுப்பினான். அப்பாடா, பாவம் தீர்ந்தது என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கினேன்.

ஜூன் கடைசியில் லீவுக்குத் தீவுக்குப் போனேன். ஃபெர்ரி கரையை நெருங்கும்போது பார்த்தால் கடல் முழுக்க வேலி. ஹம்தா கூட்டத்தின் வேலையாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். பைகளை வீட்டுத் திண்டில் போட்டுவிட்டு நேராகக் கரைக்குப் போனேன். எங்கள் துண்டிலும் மட்டைகள் நின்றன. அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒடிந்த ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"அண்ணே, ஜூன் முடியப்போகுதே! இன்னும் பிடுங்கலையா?"

"இந்த வருஷம் யாரும் பிடுங்கல."

"முட்டையிடற நேரமாச்சே!"

"தெரியும்."

குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது கத்தியிருப்பேன்.

"மறுபடி எவனாவது எழுத வருவான்" என்றான், மட்டையை அழுத்தி ஊன்றிக்கொண்டே. "வந்தா பார்க்கிறதுக்கு ஏதாவது நிக்கணும்ல? நாங்க உக்காந்திருக்கிறது உங்க யாரு கண்ணுக்கும் தெரியாது."

"நான்தான் திருத்திட்டேனே அண்ணே..."

"நீ காகிதத்தைத் திருத்தின."

கூடையைத் தூக்கிக்கொண்டு கரையேறி என் காலடியில் கவிழ்த்தான். எல்லா மீனுக்கும் வயிறு உப்பியிருந்தது. "அண்ணிகிட்ட குடு, போ" என்றான்.

அண்ணி ஒவ்வொன்றாகக் கீறி, முட்டைகளைத் தனியே வழித்து வைத்தாள். வாணலியில் போட்டுப் பொரித்து என் தட்டில்தான் முதலில் வைத்தாள். நான் சாப்பிட்டேன்.