திரும்பி வரும் தேதி

தருமன் அந்தத் தாளை ஜன்னல் பக்கம் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். பின்பக்கம் திருப்பினார். முகர்ந்துகூடப் பார்த்துவிடுவாரோ என்று கவிநிலாவுக்குப் பயம் வந்தது.

"இதுவா டிக்கெட்டு?"

"ஆமாம்ப்பா. ஈ-டிக்கெட். அவரு துபாய்லேர்ந்து நெட்ல எடுத்து எனக்கு மெயில் பண்ணிட்டாரு. நேத்து சாயங்காலம் ரியாஸ் அண்ணா கடையில பிரிண்ட் எடுத்தேன்."

"சீல் இல்ல. கையெழுத்து இல்ல. வெள்ளத்தாள்ல பத்து வரி. எங்க ஆபீஸ்ல இத நீட்டினா, நீட்டினவன ஸ்டூல்ல உக்கார வெச்சிட்டு போலீசுக்குப் போன் போடுவேன்."

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் அவருக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். போலிப் பட்டா, போலி சாதிச் சான்றிதழ், செத்துப்போனவர் கைநாட்டு வைத்த பத்திரம் என்று எது மேஜைக்கு வந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். இன்று சனிக்கிழமை. ஆபீசுக்குத்தான் லீவு, அவர் மூக்குக்கு இல்லை.

"பதிமூணாயிரத்து நானூறு," என்று படித்தார். "பெரிய பிளேன் கம்பெனின்ற. சோறு போடறான், போர்வை குடுக்கறான், முப்பது கிலோ பொட்டிக்கு எடம் தர்றான். அப்புறம் எப்படி இவ்ளோ கம்மி? எங்க ஆபீஸ் ராஜேந்திரனோட மச்சான் போன மாசம் இதே கம்பெனியில பதினெட்டாயிரம் குடுத்துட்டுப் போனான்."

"முன்னாடியே எடுத்தா கம்மியா இருக்கும்ப்பா. நெட்ல தேடி எடுத்திருக்காரு."

அவர் விரல் தாளின் நடுவில் ஒரு வரியில் நின்றுவிட்டது.

"கவி, இது என்ன?"

எட்டிப் பார்த்தாள். முதல் வரி சென்னையிலிருந்து துபாய், நவம்பர் ஏழு. அவள் நேற்று பார்த்தது அவ்வளவுதான். அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. துபாயிலிருந்து சென்னை. டிசம்பர் ஐந்து. பயணி பெயர், கவிநிலா.

"நீ அங்க வாழப் போறியா, விருந்துக்குப் போறியா?" என்றார் தருமன்.

சமையலறையிலிருந்து ரேணுகாம்பாள் எட்டிப் பார்த்தாள். "என்னங்க காலங்காத்தால? கொழந்த ஊருக்குப் போற நேரத்துல..."

"போற நேரம் மட்டும் இல்லடி, வர்ற நேரமும் போட்டிருக்கான் உன் மாப்பிள்ள. இருபத்தெட்டு நாளு."

கவிநிலாவின் கல்யாணம் முடிந்து ஐந்து மாதம். அதில் மாறனோடு இருந்தது பத்தொன்பது நாள். மாறன் துபாயில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் சூப்பர்வைசர். அவளுக்குக் குடும்ப விசா கிடைத்தவுடன் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லிப் போனவன், விசாவை வாங்கிவிட்டான். கீழ்பென்னாத்தூர் மெட்ரிக் பள்ளியில் அவள் கணக்கு டீச்சர். ராஜினாமாக் கடிதத்தை இன்று நாலு மணிக்குள் கொடுத்தாக வேண்டும். தீபாவளி கழிந்து வேறு ஆளைப் போடப்போவதாகத் தாளாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த வேலை போனால் போனதுதான்.

தருமன் விரல் மடக்கினார். "தலைதீபாவளிக்கு வரலன்னாரு. சரின்னோம். சாமான் ஜாஸ்தி வேணாம், பொட்டி ஒண்ணு போதும்னாரு. அதுக்கும் சரின்னோம். இப்ப திரும்பி வர்ற டிக்கெட்டு. அடி அண்ணாமலை கிராமத்துல ஒரு பொண்ணு நெனவிருக்கா? ரிட்டர்ன் டிக்கெட்டோட இட்டுனு போனான். முப்பதாம் நாளு தனியா ஏர்போர்ட்ல வந்து நின்னுது."

"அவரு அப்படிப்பட்டவரு இல்லப்பா."

"பத்தொம்போது நாள்ல கண்டுபுடிச்சிட்டியா?"

அந்தக் கேள்வி உள்ளே போய்த் தைத்தது. மாறனுக்கு உடனே போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வேலை இடத்தில் போனை லாக்கரில் பூட்டிவிடுவார்கள். அங்கே மதியச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் எடுப்பான். நம் ஊரில் அப்போது மணி இரண்டரை.

குளித்துவிட்டு வந்து பார்த்தாள். மேஜைமேல் தாள் இல்லை. வாசலில் அப்பாவின் டி.வி.எஸ். வண்டியும் இல்லை.

"பாய் கடைக்குப் போறேன்னாரு," என்றாள் ரேணுகாம்பாள். "இன்னையோட இத முடிச்சிட்டு வர்றேன்னாரு."

முடித்துவிட்டு!

கவிநிலா தூறலில் குடையைக்கூட எடுக்காமல் ஷேர் ஆட்டோவைப் பிடிக்க ஓடினாள்.

●

தேரடித் தெருவில் ஜவுளிக்கடை மாடியில் ரியாசுதீனின் பிரவுசிங் சென்டர். பிளைவுட் அடைத்த ஆறு அறைகள். கடைசி அறையில் தருமன் உட்கார்ந்திருந்தார். பின்னால் ரியாசுதீன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

திரையில் அவள் பெயர், அவள் விமானம், இரண்டு தேதிகள். அதன் அடியில் ஒரு சிவப்புப் பொத்தான். ரத்து செய்வதற்கானது.

"சார், நல்லா யோசிச்சுக்குங்க," ரியாசுதீன் சொல்லிக்கொண்டிருந்தான். "இது கம்மி ரேட்டு டிக்கெட்டு. அமுக்கினா பணம் திரும்பாது."

"பணம் போவட்டும். என் பொண்ணு வாழ்க்க போறதுக்கு அது போவட்டும்."

"அப்பா!"

தருமன் திரும்பினார். மௌஸ் மேலிருந்த கை நகரவில்லை.

"கைய எடுங்கப்பா. அது என் டிக்கெட்டு. அண்ணா, இவர எப்படி உள்ள விட்டீங்க?"

"நான் எங்கம்மா விட்டேன்? பேரும் இந்த ஆறெழுத்து நம்பரும் இருந்தா யாரு வேணா உள்ள பூந்துடலாம். ரெண்டும் தாள்லயே இருக்கு. தாள வெச்சினு வந்து நிக்கறாரு. வெளிய போங்கன்னு சொன்னா நாளைக்கு என் கடை லைசென்ச கேப்பாரு."

"கேப்பேன்," என்றார் தருமன்.

சுவர்க் கடிகாரம் பதினொன்று நாற்பது காட்டியது. பன்னிரண்டுக்குக் கரண்ட் போகும். தினமும் இரண்டு மணி நேரம் வெட்டு.

ரியாசுதீன் குனிந்தான். "சார், ஒரே ஒரு நிமிஷம். அமுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துடலாம். அதே நாளு, அதே பிளைட்டு. போறதுக்கு மட்டும் எவ்ளோன்னு போடறேன்."

இன்னொரு பக்கத்தைத் திறந்து, கிளம்பும் ஊர், சேரும் ஊர், தேதி என்று வரிசையாக அடித்தான். திரும்பும் தேதிக்கான கட்டத்தைக் காலியாக விட்டான். வட்டம் சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது.

பதினேழாயிரத்துத் தொள்ளாயிரம்.

தருமன் திரையின் அருகே குனிந்தார்.

"தப்பாப் போட்டிருக்க," என்றார் தருமன். "போறதுக்கு மட்டும் பதினெட்டு, போயிட்டு வர்றதுக்குப் பதிமூணா? ஒரு தோசை பத்து ரூபா, ரெண்டு தோசை ஏழு ரூபான்னு எவனாவது விப்பானா?"

"இவங்க விப்பாங்க சார்."

"நீயும் மாப்பிள்ளயும் கூட்டா?"

ரியாசுதீன் சிரித்துவிட்டான். "அவர் மூஞ்சியே கல்யாண பேனர்ல பாத்ததுதான் சார். அதுலயும் நீங்கதான் பெருசா இருந்தீங்க."

தருமன் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு ஒற்றை விரலால் தானே அடித்தார். சிங்கப்பூருக்குப் போட்டார். கோலாலம்பூருக்குப் போட்டார். எந்த ஊர் போட்டாலும், போய் வருவது கம்மி, போவது மட்டும் ஜாஸ்தி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். எண்கள் மாறவில்லை.

"ஏன்யா இப்படி?"

"சரியான காரணம் கம்பெனிக்காரனுக்குத்தான் தெரியும் சார். நான் பாத்த வரைக்கும் சொல்றேன். திரும்பி வர்ற தேதி வெச்சிருக்கவன் சுத்திப் பாக்கப் போறவன். ரேட்டு ஜாஸ்தின்னா போவாம இருந்துடுவான். போறதுக்கு மட்டும் கேக்கறவன் பொழப்புக்குப் போறவன். எவ்ளோ கேட்டாலும் குடுத்துட்டுத்தான் ஆவணும். வெவரம் தெரிஞ்சவங்க ரெண்டு பக்கமும் எடுத்து, வர்ற டிக்கெட்ட விட்டுடுவாங்க."

"அப்ப ராஜேந்திரன் மச்சான்?"

"வேலைக்குப் போறவனுக்கு ரிட்டர்ன் எதுக்குன்னு கேட்டிருப்பாரு. ஊர்ல பாதிப் பேரு அப்படித்தான் குடுக்கறாங்க."

தருமன் மௌசிலிருந்து கையை எடுத்து எழுந்தார். மகளைப் பார்க்கக் கூச்சப்பட்டுச் சட்டைப் பையைத் தடவினார். "சரி வாம்மா. போலாம். அவரு காசு மிச்சம் பண்ணியிருக்காரு. நான் ஒரு லூசு."

கவிநிலா எழுந்திருக்கவில்லை. எப்போது அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"அண்ணா, திரும்பி வர்ற தேதிய மட்டும் மாத்துங்க. பொங்கலுக்குப் போடுங்க."

ரியாசுதீன் போட்டான். பதிமூன்றாயிரத்து நானூறு.

"பிப்ரவரி?"

பதிமூன்றாயிரத்து நானூறு.

"ஏப்ரல் கடைசி?"

அதே எண்.

கவிநிலாவின் முதுகில் ஈரச் சட்டை சில்லென்று ஒட்டியது. ஏப்ரல் வரைக்கும் ஒரே விலை. வராமல் விட்டுவிடப் போகிற டிக்கெட்டுக்கு, ஆறு மாதத்தில் எந்தத் தேதியை வேண்டுமானாலும் போட்டிருக்கலாம். அவன் டிசம்பர் ஐந்தைத் தேர்ந்தெடுத்து அடித்திருக்கிறான்.

"எதோ ஒரு தேதி போட்டிருப்பாரும்மா," என்றார் தருமன்.

"நீங்களாப்பா சொல்றீங்க? போலிப் பத்திரம் எழுதறவன்கூட சும்மா ஒரு தேதி போடமாட்டான், அவனுக்குத் தெரிஞ்ச நாளத்தான் போடுவான்னு யாரு சொன்னது?"

தருமன் வாயைத் திறந்தார். அதற்குள் கரண்ட் போய்விட்டது.

●

மாறனின் போனுக்காகக் கடையிலேயே காத்திருந்தவள், இரண்டு இருபத்தைந்துக்கு அப்பாவை டீ வாங்கி வரச்சொல்லி அனுப்பினாள். இரண்டரைக்குப் போன் அடித்தது. மாடிப்படியில் நின்று எடுத்தாள்.

"கவி, சாப்டியா? ஆறு மிஸ்டு கால் இருக்குது. என்ன ஆச்சு?"

"டிசம்பர் அஞ்சு என்ன நாளு?"

ஒரு வினாடி தாமதித்தான். அந்த ஒரு வினாடி அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

"அதுவா? ரிட்டர்ன் எடுத்தா கம்மி கவி. சும்மா ஒரு தேதி..."

"ஏப்ரல் வரைக்கும் அதே ரேட்டு. இப்பதான் பாத்தேன். நான் கணக்கு டீச்சர்ங்க. பொய் சொல்றதுன்னா வேற சப்ஜெக்ட்ல சொல்லுங்க."

அந்தப் பக்கம் கலவை இயந்திரம் சுற்றும் சத்தம் கேட்டது. அவன் எங்கோ தள்ளிப் போனான். சத்தம் குறைந்தது.

"கம்பெனியில பாதிப் பேர ஊருக்கு அனுப்பறாங்க கவி. நாலாம் தேதி லிஸ்ட்டு ஒட்டுவாங்க. பேரு இருந்தா மறுநாள் இதே பிளைட்ல ஏத்திடுவாங்க, டிக்கெட்ட கம்பெனியே போட்டுடும். என்ன மட்டும் ஏத்திட்டு நீ தனியா இங்க நிக்கக் கூடாது. அதான் உனக்கும் அதே நாளு எடுத்தேன். பேரு இல்லன்னா தேதிய மாத்திக்கலாம்."

"அதனாலதான் பொட்டி ஒண்ணு போதும்னீங்களா?"

"ம்."

"இப்படின்னு தெரிஞ்சும் எதுக்கு என்னக் கூப்பிடறீங்க?"

"விசா கையில வந்துடுச்சு. இத விட்டா மறுபடி கெடைக்குமா தெரியல. அஞ்சு மாசமா போன்லயே குடும்பம் நடத்தினு இருக்கோம். ஒரு மாசமாவது..." பேச்சை மாற்றினான். "உங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத. பொண்ணு குடுக்கறதுக்கு முன்னாடி எங்க கம்பெனிக்கே போன் போட்டு, இந்தப் பேர்ல ஆளு உண்டான்னு கேட்டவரு அவரு."

"நான் வேலைய ராஜினாமா பண்றேன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்."

"பண்ணாதன்னு ஏன் சொல்லல?"

"சொன்னா ஏன்னு கேப்ப."

"இன்னும் ஒண்ணரை மணி நேரத்துல அந்த லெட்டர குடுத்திருப்பேங்க. ரெண்டு பேருக்கும் வேலை இல்லாம திரும்பி வந்து, யாரு வீட்டுல உக்காந்து சாப்பிடறது?"

அவளுக்குக் கோபமாகத்தான் இருந்தது. ஆனால் அதே விமானத்தில் தன் பக்கத்துக்கு ஒரு இடம் பிடித்து வைத்தவனிடம் முழுக் கோபத்தையும் காட்ட முடியவில்லை.

"நான் வர்றேன்," என்றாள். "ஆனா ராஜினாமா குடுக்கமாட்டேன். இனிமே உங்களுக்கு ஒரு லிஸ்ட்டு வருதுன்னா, அது எனக்குந்தான் வருது. புரியுதா?"

படியில் காலடிச் சத்தம் கேட்டது. போனை வைத்தாள்.

தருமன் இரண்டு கையிலும் டீயோடு ஏறி வந்தார். மழையில் பாதி நனைந்திருந்தார். ஒரு டம்ளரை நீட்டிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"பேசினாரா?"

"பேசினாரு."

"அந்தத் தேதி?"

"சும்மா போட்டாராம்ப்பா. கேலண்டர்ல கண்ணுல பட்டத அமுக்கிட்டாராம்."

அப்பாவிடம் அவள் பொய் சொல்வது இதுதான் முதல் தடவை. கண்ணைத் தாழ்த்தாமல் சொல்லிமுடித்தாள். அவர் அவளையே பார்த்தார். பட்டா நகலின் ஓரத்தை நகத்தால் நிமிண்டிப் பார்க்கும்போது அவர் கண் இப்படித்தான் சுருங்கும் என்று ஆபீசில் சொல்வார்கள்.

டீ ஆறிக்கொண்டிருந்தது.

"ஸ்கூலுக்கு லேட்டாவுது," என்றார் கடைசியில்.

"ராஜினாமா வேணாம்ப்பா. லீவு லெட்டரா குடுத்துடறேன். ஒரு மாசம். சம்பளம் இல்லாத லீவுன்னா தாளாளர் ஒத்துக்குவாரு."

ஏன் என்று கேட்பார் என எதிர்பார்த்தாள். பதிலைக்கூடத் தயாராக வைத்திருந்தாள். அவர் திரும்பி உள்ளே குரல் கொடுத்தார்.

"பாய், ஒரு வெள்ளத்தாளு குடு. பேனாவும்."

மாடிப்படிக் கைப்பிடிச் சுவரிலேயே தாளை வைத்து எழுத ஆரம்பித்தாள். நவம்பர் ஏழு முதல் டிசம்பர் ஐந்து வரை என்று எழுதப்போனபோது தருமன் பேனாவைப் பிடித்து நிறுத்தினார்.

"அஞ்சுன்னு போடாத. அது வெள்ளிக்கிழமை. எட்டாந்தேதி திங்கக்கிழமை வந்து சேர்றேன்னு எழுது."

"ஏன்ப்பா?"

"சனி ஞாயிறு நீயும் மாப்பிள்ளயும் நம்ம வீட்டுல கெடந்து தூங்குங்க," என்று சொல்லிவிட்டு, வண்டியை எடுக்கப் படியிறங்கினார் தருமன்.