பொட்டுக்கு ஓர் இடம்

முட்டையில் குஞ்சு பொரிக்கும் மிஷினுக்கு விளக்கத்தாள் எழுதுவதில் அன்புக்கரசிக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. திண்டுக்கல் பைபாஸ் ஓரம் அந்த மிஷின் செய்கிற பட்டறையில், படித்ததும் புரிகிற தமிழ் தனக்குத்தான் வரும் என்ற நினைப்பு. அந்த நினைப்பில் ஒரு வெள்ளிக்கிழமை காலை மண் விழுந்தது.

மிஷின் வாங்கிப் போயிருந்த ராமுத்தாய் செம்பட்டியிலிருந்து போனில் அழுதாள். "தாயி, மிஷின் கண்ணாடியில தண்ணியா வடியுது. டார்ச் அடிச்சுப் பாத்தா உள்ள குஞ்சு முன்ன மாதிரி அசையல, சுணங்கிக் கெடக்கு. என் கோழி பூராம் வெள்ளைக்கழிச்சல் நோவுல போச்சு. அதுக விட்டுட்டுப் போன முட்டை இம்புட்டுத்தான். இதுவும் போச்சுன்னா நான் எங்கிட்டுப் போவேன்?"

அன்புக்கரசி தாளை விரித்து வரிவரியாகக் கேட்டாள். தண்ணீர் சரி. சூடும் சரி. "மூடியில இருக்க காத்து ஓட்டைய அடைக்கலையேக்கா?"

"அய்யய்ய, அடைக்கக் கூடாதுன்னுதான் எழுதியிருக்கே! ஒண்ணும் வைக்கல."

"எதுக்கும் வீடியோவுல காட்டுங்க."

காட்டினாள். அட ஆண்டவா! நாலு ஓட்டையிலும் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, பொங்கல் மாடு மாதிரி நின்றது மிஷின். வெள்ளிக்குவெள்ளி பூசையாம், பழைய பொட்டின் மேலேயே புதுப்பொட்டு.

"அக்கா, அதுதான் ஓட்டை!"

"அடைக்கலையே தாயி, பொட்டுதான வச்சேன்?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தன் ஸ்கூட்டிக்கே பொட்டு வைத்து ஓட்டுகிறவள்தான் அன்புக்கரசியும். எழுத உட்கார்ந்ததும் அது எப்படி மறந்தது? "ஈரத்துணியால தொடச்சு, ஊக்கு நுனியால வெளிப்பக்கமா நோண்டி எடுங்க. நான் லைன்லயே இருக்கேன்." கண்ணாடி தெளியும்வரை இருவரும் போனை வைக்கவில்லை.

அன்றே தாளைத் திருத்தினாள். மூடியின் படத்தில், ஓட்டைகளுக்குத் தள்ளி ஒரு வட்டம் போட்டு, 'சந்தனம், குங்குமம் இங்கே வையுங்கள். ஓட்டையில் வைத்தால் குஞ்சுக்கு மூச்சு முட்டும்' என்று எழுதினாள். முதலாளி சகாயராஜ் படித்துவிட்டு, அந்த வட்டத்தை மூடியிலேயே அச்சடிக்கச் சொல்லிவிட்டார்.

அடுத்த வாரம் மறுபடியும் ராமுத்தாயின் போன். பேச்சில்லை, கீச்கீச்சென்று ஒரே சத்தம். பிறகுதான் குரல் வந்தது. "கேக்குதா தாயி? ரெண்டு மூணு போச்சு, மத்ததெல்லாம் பொழச்சிருச்சு. நீ நல்லாருக்கணும்."

அன்புக்கரசி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "நாந்தாங்க்கா உங்களக் கும்பிடணும். நீங்க பாட்டுக்கு மிஷினத் தூக்கி எறிஞ்சிருந்தா, என் தப்பு எனக்குத் தெரியாமலே போயிருக்கும்."

"கிறுக்கி" என்றாள் ராமுத்தாய். "தாளுக்கு அடியில 'எதுன்னாலும் கூப்பிடுங்க, திட்ட மாட்டோம்'னு எழுதியிருந்தல்ல? அத நம்பித்தான கூப்பிட்டேன்."