நான்காம் எண் பாட்டில்

தமிழ்வாணிக்கு ஒயின் குடிக்கும் பழக்கம் கிடையாது. சுவைத்துத் துப்புவதோடு சரி. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் உணவு அறிவியல் நடத்துகிறாள். அவள் நாக்கை நம்பித்தான் மதுரையின் பெரிய ஓட்டல் ஒன்று நடுவராகக் கூப்பிட்டிருந்தது. மேசையில் ஆறு வெள்ளை ஒயின், எல்லாம் நம் பக்கத்துத் திராட்சை. துணிப்பை மாட்டிய பாட்டில்களில் எண்ணும் விலையும் மட்டும் இருந்தன. கொடுக்கிற காசுக்கு எது பெறும் என்று மூன்று நடுவர்கள் மார்க் போட வேண்டும். ஜெயிக்கிற ஒயினை ஓட்டல் வருஷம் முழுக்க வாங்கிக்கொள்ளும்.

முதல் மூன்றும் சுமார். ஒன்று வெறும் சர்க்கரைத் தண்ணீர், அதற்கு எழுநூறு ரூபாய் கேட்க வெட்கம் வேண்டாமா? நான்காவது ஐந்நூற்றைம்பது. நார்த்தந்தோல் வாசம், மாங்காய்ப் புளிப்பு, கடைசியில் நாக்கு நுனியில் லேசாக ஓர் உப்பு. அவளுக்குத் திக்கென்றது. தீபாவளிக்கு அண்ணன் முத்திருளன் கொண்டுவந்து கொடுத்த அதே ஒயின்.

உசிலம்பட்டிக்கு மேற்கே, தான் கூலிக்குக் களை வெட்டிய நிலத்தையே வாங்கித் திராட்சை போட்டவன் அவன். நாலு கூட்டாளிகளோடு லைசென்ஸ் எடுத்து ஆலையும் வைத்தான். சரக்கு தேங்கிக் கிடந்தது. பெரிய ஆர்டர் ஒன்று வராவிட்டால் ஆலையை மூட வேண்டியதுதான். போட்டிக்கு அனுப்பியதை அவன் அவளிடம் சொல்லவே இல்லை.

அவள் எழுந்து விஷயத்தைச் சொல்லி ஒதுங்கியிருக்கலாம். வாய் வரவில்லை. போன வருஷம் தன் சாதிப் பெண் ஒருத்தி தன் பாடத்தில் முதல் ரேங்க் வாங்கியபோது, "அவங்க ஆளுகளுக்கு அவங்களே போட்டுக்கிறாங்க" என்று ஸ்டாஃப் ரூமில் இவள் காதுபடவே பேசினார்கள். அந்தப் பேச்சு இங்கேயும் வந்துவிடுமோ என்று பயந்தாள். ஒன்பது போட வேண்டிய இடத்தில் ஆறு போட்டாள். போட்டதும் தன்னை நேர்மையானவளாக வேறு நினைத்துக்கொண்டாள், பாவி.

ஐந்தாம் எண் ஒரே மார்க்கில் ஜெயித்தது.

சனிக்கிழமை அண்ணன் வீட்டுக்கு வந்தான். கையில் ஓட்டல்காரர்கள் அனுப்பிய மார்க் சீட்டு. அதில் நடுவர்கள் பேர் இல்லை.

"நடுவர்ல நீயும் ஒருத்தின்னு ஓட்டல்ல சொல்லி இப்பத்தான் தெரியும் தாயி. முன்னமே தெரிஞ்சா அனுப்பியிருக்க மாட்டேன். ரெண்டு பேரு ஒம்பது போட்டிருக்காக, ஒருத்தர் மட்டும் ஆறு. அவரு என்ன கொறை கண்டாருன்னு கேட்டுச் சொல்றியா? திருத்திக்கிருவேன்."

அவளால் தாங்க முடியவில்லை.

"ஆறு போட்டது நான்தாண்ணே."

அவன் சீட்டை மடித்துப் பையில் வைத்தான்.

"ஒரு கொறையும் இல்லண்ணே. அண்ணன் சரக்குக்குத் தங்கச்சி அள்ளிப் போட்டான்னு சொல்லிருவாங்கன்னு பயந்து கொறைச்சேன்."

"ஆறுதலுக்குச் சொல்லாத தாயி. ஒன் நாக்கு எனக்குத் தெரியாதா?"

"சத்தியமாண்ணே."

அவன் அவள் தலையில் கை வைத்தான். "நெசத்தைத்தான போட்டிருக்க. அதுக்கு எதுக்கு அழுகுற?" என்றவன், போனை எடுத்துக் கூட்டாளியைக் கூப்பிட்டான்.

"மாப்ள, ஆலையை வந்த வெலைக்குக் கொடுத்துருவோம். நம்ம சரக்கு சரியில்ல. என் தங்கச்சியே சொல்லிருச்சு."