முன் சீற்றுக்காக ஒரு கிராங்

இணுவில் அருட்செல்வனும் அவர் மனைவி கனகாம்பிகையும் நுவரெலியாவில் இருக்கும் மகள் வீட்டுக்கு மூன்று வருடமாகத் தனித்தனியாகத்தான் போய்வந்தார்கள். சண்டை ஒன்றுமில்லை. அவர் தன்னுடைய பழைய மொறிஸ் மைனர் காரில் போவார், அவள் பஸ்ஸில் போவாள். பஸ்தான் முதலில் போய்ச் சேரும்.

காரணம் நுவரெலியாப் பாதையில் வரும் றம்பொடை ஏற்றம். ஒருமுறை பாதி மலையில் கார் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. ஒருவரென்றால் ஏறுவேன், இருவரென்றால் மாட்டேன் என்று அடம்பிடித்தது. சில்லுக்குத் தடை வைக்க ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு, கொட்டும் மழையில் கனகாம்பிகை காருக்குப் பின்னால் நடந்தாள்.

"இஞ்சருங்கோ, உங்கடை காருக்கு நான் பாரம். இனி நான் பஸ்ஸிலை வாறன்" என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவருக்கு அது முள்ளாகத் தைத்துவிட்டது. பக்கத்தில் மனைவி இருக்கவேண்டிய சீற்றில் முருங்கைக்காய்க் கட்டை இருத்திக்கொண்டு அவ்வளவு தூரம் ஓடுவதும் ஒரு பயணமா?

காரை மாற்றினால் என்ன என்று கேட்பவர்கள் அருட்செல்வனை அறியாதவர்கள். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். இரண்டு வருடம் தேடி, பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் கிராங் தண்டு, வீச்சு நீளமானதாக ஒன்றைப் பிடித்தார். வீச்சு கூடினால் பிஸ்டன் கூடிய தூரம் ஏறி இறங்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் காற்றும் பெற்றோலும் கூடுதலாக உள்ளே போகும், எஞ்சினுக்குப் பலம் வரும். அதற்கேற்ற உயரம் குறைந்த பிஸ்டன்களையும் எடுப்பித்தார். குருநகர் மெக்கானிக் கிறிஸ்ரோபர் முற்றத்திலேயே எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தொடங்கினார்.

அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு இராகுகாலம், அதற்கு முன் ஸ்ராட் பண்ணவேண்டும் என்று கனகாம்பிகைதான் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லியிருந்தாள். பத்து மணிக்கு எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கையில் எடுத்த கிறிஸ்ரோபர் குசினிப் பக்கம் திரும்பினார்.

"அக்கா, ரொட்டிக்குக் குழைச்ச மாவிலை கொஞ்சம் தாங்கோ."

"பசிக்குதோ தம்பி?"

"எனக்கில்லை, பிஸ்டனுக்கு. மாவை மேலை வைச்சு, ஹெட்டைப் பூட்டி, கையாலை ஒரு சுத்துச் சுத்திப்போட்டுத் திறந்து பாப்பம். மா எவ்வளவு தடிப்பிலை நசிஞ்சிருக்கோ, அவ்வளவுதான் இடைவெளி."

"உதுக்கெல்லாம் இப்ப நேரமில்லை. நேரே பூட்டும், ஸ்ராட் பண்ணுவம்!" என்று அருட்செல்வன் குதித்தார்.

கனகாம்பிகை மாவோடு வந்தாள். "ஆக்கப் பொறுத்தனீங்கள், ஆறப் பொறுக்கமாட்டியளோ? நல்ல நேரம் நாளைக்கும் வரும்."

பத்தரை போயிற்று. திறந்தபோது மா வெற்றிலைக் கனத்தில் நசிந்து, இரண்டு பிஸ்டன்களில் உலோகமே வெளியே தெரிந்தது.

"ஸ்ராட் பண்ணியிருந்தால் அடிச்சு நொருக்கியிருக்கும் அண்ணை. கீழை இறங்கிற மாதிரி மேலையும் கூட ஏறுதல்லோ? லேத்திலை குடுத்து பிஸ்டன் தலையை ஒரு மில்லிமீற்றர் சீவவேணும்" என்றார் கிறிஸ்ரோபர்.

அருட்செல்வன் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். இரண்டு வருடத் தேடல் ஒரு நொடியில் தூளாகியிருக்கும். மனைவியை நிமிர்ந்து பார்த்தார். "நீர் பக்கத்திலை இல்லாமல் அந்த மலை ஏற எனக்கு விருப்பமில்லையப்பா. அதுக்குத்தான் அவசரப்பட்டனான்."

கனகாம்பிகைக்குக் கண் கலங்கியது. கிறிஸ்ரோபர் நிற்கிறார் என்றும் பாராமல் மாக்கையை அவர் தோளில் வைத்தாள். "சீவிப்போட்டுப் பூட்டுங்கோ. நான் காரிலை வாறன்."

"இராகுகாலத்திலை சொல்லுறீர்."

"சொன்னது சொன்னதுதான்."

இரண்டு கிழமை கழித்துப் புறப்பட்டார்கள். ஏற்றத்தில் என்ன சொல்லிப் பெருமை அடிப்பது என்று கம்பளையிலிருந்தே அருட்செல்வன் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். றம்பொடை வளைவுகள் தொடங்கின. இரண்டாம் கியரில், ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் கார் ஏறியது.

"பாத்தீரே!" என்று சொல்லத் திரும்பினார். கனகாம்பிகை தலையைச் சாய்த்து, வாயைக் கொஞ்சம் திறந்தபடி நல்ல நித்திரை. காலையில் தாண்டிய முகமாலையின் சமதரையில்கூட இரண்டு கையாலும் டாஷ்போட்டைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள். அவர் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, வளைவுகளை மெல்ல மெல்ல எடுத்தார்.

மலை முடிந்து தேயிலைக் குளிர் உள்ளே வந்தபோது அவள் பாதிக் கண் திறந்தாள்.

"இஞ்சருங்கோ, அந்த ஏத்தம் இன்னும் வரேல்லையோ?"

"இல்லையப்பா" என்றார் அருட்செல்வன். "நீர் நித்திரை கொள்ளும்."