ஜெபத்துக்கு வெளுத்த முற்றம்

சைக்கிளை ஸ்டாண்டில் போட ராபின்சனுக்குத் தோன்றவில்லை. அது சரிந்து விழுந்தது. முற்றத்துத் தோட்டத்தைக் காணவில்லை. செம்மண் மட்டும் மழித்த தலைபோலக் கிடந்தது.

காலையில் ஆரியங்கோட்டுக்குப் போகும்போது எல்லாம் இருந்தது. காசித்தும்பை, சங்குபுஷ்பம், தானாக முளைத்த துளசி, தேன்சிட்டு வந்து தொங்கும் செம்பருத்தி. ரப்பர் மரம் தளிர்க்கிற மாதத்தில் பால்வெட்டுக்காரனான அவனுக்கு வேலை கிடையாது. கத்தியைத் தொடாத அந்தக் காலைகளில் அவன் இங்கேதான் உட்கார்ந்திருந்தான். சபைப் பாடகர் குழுவுக்குப் பாட்டுக் கட்டுகிறவனுக்கு மூன்று வருடமாக ஒன்றும் வரவில்லை. இந்தத் தடவை செடிகளுக்கு நடுவே மனம் அடங்கியதும் வந்தது. கடைசி வரியின் மெட்டுதான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டர்.

செம்பருத்தி மட்டும் மிச்சமிருந்த மூலையில் அவன் மனைவி ஓமனா மண்வெட்டியோடு நின்றாள்.

"எவன் செய்த வேலை இது?"

"நான் ஆக்கும். இண்ணைக்கு வீட்டு ஜெபம் நம்ம முறை. சபை மொத்தமும் வருவினும். காட்டுக்குள்ளயா இருத்துவது?"

"காடா? எனக்க பாட்டுடீ அது!"

"பாட்டு உங்களுக்க தொண்டையிலல்லியா இருக்கு, புல்லுலயா? ஒரு வாரமா சொல்லுதேன். நீங்க முனங்கிக்கிட்டே இருந்தா காது எங்க கேக்கும்?"

ஜெபம் நடக்கிற வீட்டு முற்றத்தில் ஒரு புல் நின்றாலும் வீட்டுக்காரி சோம்பேறி. அது அவனுக்கும் தெரியும். பிடுங்கிக் குவித்த செடிகளின் பக்கத்தில் உட்கார்ந்தான். பூக்கள் இன்னும் வாடவில்லை. பாடிப் பார்த்தான். முதல் வரிகூட வரவில்லை.

ஓமனா மிச்சத்தைச் செதுக்கத் தொடங்கினாள். மண்வெட்டி விழுகிற தாளத்துக்கு ஏதோ பாடினாள்.

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். அவனுடைய பாட்டு. யாருக்கும் பாடிக் காட்டாத பாட்டு. அவன் தினமும் நின்றுபோகிற இடம் வந்தது. அவள் நிற்கவில்லை. மெட்டு மேலே ஒரு எட்டுப் போய், மெல்ல இறங்கி, அமர்ந்தது.

"அத... எங்கேருந்து எடுத்த?"

"எத?"

"கடைசில பாடுனியே."

"அதுவா? தெனமும் பாதியில நிப்பாட்டிட்டு எழும்பிருவீங்க. அடுக்களையில நிக்கியவளுக்கு மூச்சு முட்டாதா? நானே முடிச்சுக்கிட்டேன்."

"இன்னொருக்கா பாடு."

அவள் யோசித்துப் பார்த்தாள். "கை சும்மா இருந்தா வராது."

செதுக்க மிச்சமிருந்தது செம்பருத்தி நின்ற மூலை மட்டும்தான். அவன் அதைப் பார்த்தான்.

"செம்பருத்தில கை வைக்காத," என்றான். "சுத்திச் செதுக்கு. மெள்ளச் செதுக்கு."