இருநூற்று முப்பது வாட்

அக்காவுக்கு அன்று காலை ஏழு மணிக்கே கால் தரையில் பாவவில்லை. கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. அன்றைக்கு வேறொரு நிறுவனத்துக்குப் போய், புதிய குடியிருப்பின் படங்களைக் காட்ட வேண்டும். கூடத்து மூலையில் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இரண்டு சார்ஜர்கள் மாட்டிக் கிடந்தன. அவளுடைய அலுவலக லேப்டாப்பும் தம்பியின் கேமிங் லேப்டாப்பும் ஒரே கம்பெனி, ஒரே பின். கைக்கு அகப்பட்டதைப் பிடுங்கிப் பையில் திணித்துக்கொண்டு ஓடினாள். அது தம்பியுடையது. அதோடு விட்டாளா? படம் காட்டி முடித்த சந்தோஷத்தில் அதை அந்தக் கூட்ட அறைச் சுவரிலேயே மறந்துவிட்டு வந்தாள். மறுநாள் போய்க் கேட்டபோது, அப்படி எதையும் பார்க்கவே இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

அன்றே சொல்லியிருந்தால் இரண்டு திட்டோடு போயிருக்கும். ஆனால் தம்பி தன் கத்தரிக்கோலைத் தொட்டால்கூட "கேட்டுட்டு எடுக்கத் தெரியாதா?" என்று வீட்டையே ரெண்டாக்குகிறவள் அவள். அந்த வாயால் எப்படிச் சொல்வது? வீட்டில் மிச்சமிருந்த தன் சார்ஜரை அவன் லேப்டாப்பில் செருகினாள். தனக்கு, வயர் அறுந்துவிட்டது என்று சொல்லி அலுவலகத்தில் வேறொன்று வாங்கிக்கொண்டாள். செருகிய உடனே திரையின் ஓரத்தில் ஓர் அறிவிப்பு எட்டிப் பார்த்தது. 'இனி காட்டாதே' என்ற கட்டத்தில் டிக் போட்டு மூடினாள். அறிவிப்பைப் படிக்கவில்லை என்றுதான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். படிக்காதவள் கண்ணுக்கு அந்தக் கட்டம் மட்டும் எப்படித் தெரிந்தது என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

அந்த வாரத்திலிருந்துதான் லேப்டாப் படுத்த ஆரம்பித்தது. தம்பி ஒரு கார் ரேஸ் விளையாட்டில் நாலு பேர் அணியில் இருந்தான். சம்பளத்தில் ரெண்டு வருஷம் மிச்சம் பிடித்து வாங்கிய லேப்டாப் அது. பத்து நிமிஷம் நன்றாக ஓடும். அப்புறம் கார் திக்கித் திக்கி நகரும். தம்பி டிரைவர் சாஃப்ட்வேரைப் புதுப்பித்தான். பிரஷ்ஷால் தூசி தட்டினான். அடியில் காற்றாடி வைத்த ஸ்டாண்டு வாங்கினான். அதுவும் போதாமல் கூடத்து மேசை ஃபேனை லேப்டாப் பக்கம் திருப்பி வைத்தான்.

"உன்னை வளர்த்தப்ப உனக்குக்கூட நான் இவ்வளவு விசிறலடா" என்றாள் அம்மா.

பத்தாம் நாள் தேர்வுப் பந்தயம். மூன்றாவது சுற்றில் திரை உறைந்து, அவன் கார் சுவரில் போய் மோதியது. அணித்தலைவன் அவனை எடுத்துவிட்டு வேறொருவனைப் போட்டான். தம்பி சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டான். சொல்லிவிடலாம் என்று அக்கா அவன் கட்டில்வரை போனாள். திரும்பிவிட்டாள். சார்ஜர் மாறினால் இப்படியெல்லாம் ஆகுமா என்ன, பின் பொருந்துகிறது, சார்ஜ் ஏறுகிறது என்று தனக்கே வக்கீலாக வாதாடினாள். மறுநாள், வருத்தம் தாங்காமல், தானே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனாள்.

கடையில் வேலை பார்க்கிறவருக்கு நாற்பது வயதிருக்கும். நெற்றியில் எந்நேரமும் பூதக்கண்ணாடி ஒன்றை மாட்டியிருப்பதால் எல்லோரும் அவரை லென்ஸ் என்றே கூப்பிட்டார்கள்.

"சார்ஜர் எங்கம்மா?"

"இது தம்பியோட லேப்டாப். சார்ஜர் வீட்ல இருக்கு. வேணுமா?"

"வேணும்தான். பரவால்ல, நம்மகிட்ட ஒண்ணு இருக்கு" என்று சீட்டு எழுதி, அவள் நம்பரை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் கடை ஃபோனிலிருந்து பேசினார். "உள்ளே சுத்தம் பண்ணி, சூடு இறங்கப் போடுற பேஸ்ட்டையும் மாத்திட்டேன்மா. எங்க சார்ஜர்ல ரெண்டு மணி நேரம் ஓட விட்டேன், துளிகூட திணறல. எனக்கென்னமோ உங்க வீட்டு சார்ஜர் மேலதான் சந்தேகம். பின்னாடி இருநூத்தி முப்பது வாட்னு போட்டிருக்கணும். தம்பிகிட்ட சொல்லிப் பார்க்கச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்ததும் மேசைக்கடியில் குனிந்து சார்ஜரைத் திருப்பிப் பார்த்தாள். நூற்று முப்பத்தைந்து. பாதிக்குக் கொஞ்சம் மேல். லேப்டாப் பாவம், அரை வயிற்றோடு ஓடியிருக்கிறது. தம்பியின் இடம் போனது தன்னால்தான் என்று அப்போது சந்தேகமறத் தெரிந்தது. தெரிந்த பிறகு சொல்வது இன்னும் கஷ்டமாகிப் போனது. லென்ஸ் சொன்னதை அவள் தம்பியிடம் சொல்லவில்லை. ஃபோனில் அந்த அழைப்பையும் அழித்தாள்.

வீட்டுக்கு வந்த லேப்டாப் மறுபடியும் திணறியது. கடையில் ஓடுகிறது, வீட்டில் ஓடவில்லை. தம்பி ஒரு முடிவுக்கு வந்தான். "உள்ளே நல்ல பார்ட்டை எடுத்துட்டு மட்டமானதை வச்சுட்டான்." சனிக்கிழமை அக்காவையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போய், ஏழெட்டு வாடிக்கையாளர்கள் முன்னால் கத்தினான். கடையைப் பற்றி நெட்டில் எழுதி நாறடித்துவிடுவேன் என்றான்.

லென்ஸ் நிதானமாகத்தான் பேசினார். "தம்பி, சார்ஜரைப் பாருங்கன்னு அன்னைக்கே ஃபோன்ல சொன்னேனே."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"இவங்ககிட்டதான்."

முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த ஒட்டின நாக்கு பிரிந்து சொன்னது என்ன தெரியுமா?

"எனக்கு ஃபோன் எதுவும் வரலையே."

லென்ஸ் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அடுத்த சனிக்கிழமை இவங்க வீட்டுக்கே போய், அங்கேயே ஓட வச்சுக் காட்டிட்டு வா" என்றார்.

அந்த ஒரு வாரம் அவள் வரைந்த படத்தில் ஒரு குளியலறைக்குக் கதவு போட மறந்தாள். அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டது கண்ணுக்குள்ளேயே நின்றது. இருநூற்று முப்பது வாட் சார்ஜர் ஒன்றை ஆர்டர் போட்டு, அலுவலக முகவரிக்கு வரவழைத்தாள். சனிக்கிழமை காலை தம்பி குளிக்கப் போனதும் அதை மேசைக்கடியில் மாட்டி, பழையதைத் தன் அலமாரியில் துணிக்கடியில் செருகினாள். லென்ஸ் வருவார், லேப்டாப் நன்றாக ஓடும், எல்லோரும் சந்தோஷமாகப் பிரிவார்கள். இதுதான் அவள் கணக்கு. ஊருக்கெல்லாம் வாசல் எங்கே, ஜன்னல் எங்கே என்று படம் போட்டுக் கொடுக்கிற புத்தி, தன் விஷயத்தில் இவ்வளவுதான் வேலை செய்தது.

பதினோரு மணிக்கு லென்ஸ் வந்தார். செருப்பை வெளியே விட்டு, கூடத்து மேசையில் ஒரு துணி விரித்து, லேப்டாப்பின் அடி மூடியைக் கழற்றினார்.

"அம்மா, பக்கத்துல உட்காந்து அவர் கையையே பாரு" என்றான் தம்பி, சத்தமாகவே.

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பாவம், நிஜமாகவே கண் கொட்டாமல் பார்த்தாள். லென்ஸ் ஒவ்வொரு பார்ட்டாகத் தொட்டு, கையை விரித்துக் காட்டி, மறுபடி மூடினார். அக்கா சுவரோடு சுவராக நின்றாள்.

தம்பி ரேஸைப் போட்டான். பத்து நிமிஷம். இருபது நிமிஷம். கார் வெண்ணெயில் ஓடுவதுபோல் வழுக்கிக்கொண்டு ஓடியது. அவன் முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்திலேயே கறுத்தது.

"பாத்தியாம்மா? நேத்து வரைக்கும் திணறினது, இவர் கையை வச்சதும் ஓடுது. எடுத்ததைத் திருப்பி வச்சுட்டாரு!"

"நான் பாத்துக்கிட்டேதான்டா இருந்தேன். எதையும் மாத்தலையே."

"உனக்குத் தெரியுமா? தொழில் தெரிஞ்சவங்கம்மா. உன் கண்ணு முன்னாடியே மாத்துவாங்க."

குற்றத்தைத் துடைக்கப் போட்ட சார்ஜர், அதை அந்த மனிதர் தலையில் பூசிவிட்டது.

லென்ஸ் லேப்டாப்பிலிருந்து இறங்கிய வயரைக் கையால் பிடித்துக்கொண்டே போய், மேசைக்கடியில் குனிந்து சார்ஜரை எடுத்தார். ஒரு கீறல் இல்லை. பின்பக்க ஸ்டிக்கர் பளபளத்தது. நெற்றிக் கண்ணாடியைக் கீழே இறக்கிப் படித்தார். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். ஒரு விநாடிதான். அப்புறம் அதை இருந்த இடத்திலேயே மெதுவாக வைத்தார்.

"சரி தம்பி. இப்ப நல்லா ஓடுதுல்ல. அது போதும்" என்று துணியை மடித்தார்.

"எனக்குப் போதாது. உங்க முதலாளிக்கு ஃபோன் போட்டு, தப்பு என் மேலதான்னு சொல்லுங்க. ஸ்பீக்கர்ல. இல்லைன்னா இன்னைக்கே எழுதிப் போட்டுடுவேன்."

லென்ஸ் மடித்த துணியைப் பைக்குள் வைத்தார். பிறகு ஃபோனை எடுத்து, நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, மேசைமேல் வைத்தார். மணி அடித்தது.

அவர் சொல்லிவிடப் போகிறார் என்று அக்காவுக்குப் புரிந்தது. அவளைக் காட்டிக்கொடுக்க அல்ல. செய்யாததைச் செய்தேன் என்று சொல்ல.

"சொல்லாதீங்க!" அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "நான்தான். எல்லாம் நான்தான்."

அறைக்கு ஓடி, துணிகளைக் கலைத்துப் போட்டுவிட்டு, பழைய சார்ஜரோடு வந்தாள். அதை மேசையில் வைத்தாள். "உன் சார்ஜரை நான் தொலைச்சுட்டேன்டா. இவ்வளவு நாளா ஓடினது என்னோடது. அதுல கரண்ட் பத்தல. இவர் ஃபோன் பண்ணிச் சொன்னாரு. வரலைன்னு பொய் சொன்னேன். காலைலதான் புதுசு மாட்டினேன்."

தம்பி சார்ஜரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "அப்போ என் டீம்..." என்று ஆரம்பித்தான். அவன் கண் லென்ஸ் பக்கம் போனது. போன வேகத்தில் தரைக்கு இறங்கியது. அம்மா எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை ஓசைப்படாமல் பின்னால் தள்ளினாள்.

"என்ன லென்ஸு, ஒத்துக்கிட்டியா?" என்றது ஃபோன். முதலாளி அப்போதுதான் எடுத்திருந்தார்.

அக்காதான் ஃபோனைக் கையில் எடுத்தாள். "சார், நான் அந்தப் பையனோட அக்கா பேசுறேன். இவர் எதையும் எடுக்கல சார். தப்பு என்னோடது. அன்னைக்குக் கடையில நான் சொன்னது பொய்."

மறுமுனையில், கடையில் யாரோ ஸ்க்ரூ டிரைவரைக் கீழே போட்டது கேட்டது.

"என்னம்மா சொல்றீங்க" என்றார் முதலாளி. குரல் இறங்கியிருந்தது. "பதினோரு வருஷமா எங்கிட்ட இருக்கான். இந்த ஒரு வாரமா தினமும் சாயங்காலம் அவன் பையைத் தொறந்து, எல்லாத்தையும் கொட்டிக் காட்டிட்டுப் போடான்னு நிக்க வச்சிருக்கேன். மத்த பசங்க எல்லாம் பார்க்க. சட்டைப் பையைக்கூட..."

லென்ஸ் எட்டிக் கையை நீட்டினார். முகம் முழுக்கச் சிவந்திருந்தது. அம்மா பக்கமோ தம்பி பக்கமோ அவர் திரும்பவில்லை.

"ஸ்பீக்கரை அணைச்சிடுங்கம்மா" என்றார்.

அவர் ஃபோனில் எந்த இடத்தில் அழுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. முதலாளி பேசிக்கொண்டேயிருந்தார்.