திங்கட்கிழமைக்குள் அழிய வேண்டிய மை

தொண்ணூற்று இரண்டில் பினாங்கில் 'அமாவாசை' என்றொரு இசைக்குழு இருந்தது. கறுப்புச் சட்டை, வெள்ளை பூசிய முகம், கண்ணைச் சுற்றி அப்பிய மை, மின்கருவிகளில் சாவுப் பாட்டு. தலைவர் சற்குணம். தலைவராம் தலைவர்! ஞானாம்பிகைக்கு இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வரும்.

கீபோர்டு வாசிக்கிற அவரும், பின்பாட்டுப் பாடுகிற அவளும், முன்னால் நின்று பாடுகிற வாசுவும், டிரம் அடிக்கிற சுலைமானும் பாயான் லெப்பாஸில் ஒரே சிப் தொழிற்சாலையில் வேலை பார்த்தார்கள். அங்கே சிப் செய்கிற கிளீன் ரூமுக்குள் பவுடர், மை எதுவும் ஆகாது. ஒரு துகள் விழுந்தாலும் சிப் பாழ். சனிக்கிழமை மேடையில் பூசியதைத் திங்கட்கிழமைக்குள் தேய்த்துத் தேய்த்துக் கழுவியாக வேண்டும்.

ஞாயிறு ஷிப்ட் இருக்கிறதென்று சுலைமான் ஒருமுறை வெறும் முகத்தோடு வந்தான். "சோத்துக்குப் பயந்தவனுக்கு என் மேடையில இடமில்ல லா," என்று சற்குணம் அன்றைக்கே துரத்தினார். அவன் இடத்துக்கு ஒரு டிரம் மெஷின் வந்தது. பிறகு அக்கரையில் மாக் மண்டினிலிருந்து கிட்டாரோடு வந்தான் நல்லமுத்து. உதட்டில் கறுப்புப் பூச மாமியார் விடவில்லை என்றான், அவனும் போனான். போகிற ஒவ்வொருவனுக்கும் கலையைப் பற்றி அரைமணி நேரப் பிரசங்கம் வேறு.

அந்தப் பிரசங்கத்தை நம்பியவள் ஞானாம்பிகை ஒருத்திதான். ஒரு திங்கட்கிழமை அவள் இமையோரம் மை மிச்சமிருந்ததைச் சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். அது மூன்றாவது முறை. வேலை போயிற்று. பக்கத்தில் நின்ற சற்குணம் தன் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "நீதான்மா நிஜமான ஆர்ட்டிஸ்ட்," என்றார். மடச்சி, அழுதுகொண்டே தலையாட்டினாள். அதற்குப் பிறகு மூன்று மாதம் அவருடைய கீபோர்டே கதியென்று கிடந்து எல்லாப் பாட்டையும் கற்றுக்கொண்டாள். அவளுக்கென்று மிச்சமிருந்தது அந்த மேடை ஒன்றுதான்.

ஜார்ஜ்டவுனில் முதல் பெரிய நிகழ்ச்சி. மண்டபம் நிறைந்துவிட்டது. திரைக்குப் பின்னால் சற்குணம் வந்து நின்றார், முகத்தைப் பளிச்சென்று கழுவிக்கொண்டு.

"மேக்கப் எங்கண்ணே?"

"திங்கக்கிழம என்னை சூப்பர்வைசரா போடறாங்க லா. மூஞ்சியில என்னா இருக்கு? பாட்டுதானே முக்கியம்."

சீ, இவ்வளவுதானா இந்த ஆள்!

"உட்காருங்க. நான் போட்டு விடறேன்."

வாசு பார்த்துக்கொண்டிருந்ததால் மறுக்க முடியவில்லை. உட்கார்ந்து கண்ணை மூடினார். பென்சில் தொடுவதற்குள்ளேயே ஒரு கண்ணைத் திறந்தார்.

"இது... திங்கக்கிழமைக்குள்ள அழிஞ்சிடும்ல?"

"எனக்கு அழியலண்ணே."

பென்சிலை மூடி வைத்தாள். "எந்திரிங்க. கீழ போய் உட்காந்து பாட்டக் கேளுங்க."

"ஏய், குழு என்னுது! கீபோர்டு என்னுது!"

"மேடையிலதான் இருக்கு. அத்தனை பேர் பாக்க வந்து தூக்கிட்டுப் போங்க."

வாசு மைக்கை எடுத்துக்கொண்டு அவளோடு நடந்தான். கீபோர்டுக்கு முன்னால் நின்று அவள் திரைப் பக்கம் பார்த்தாள், மனசுக்குள் பத்து வரை எண்ணினாள்.

அவர் வரவில்லை. அவள் வாசிக்க ஆரம்பித்தாள்.